செண்பகவடிவு சாப்பிட்டாச்சா?

கோணக்குளத்துக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; பிறகு சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம். யாராவது ஒன்று சொன்னால் கேட்பார்கள். கேட்டதைச் செய்வார்கள். சொன்னதற்கு ஓர் அரிசி கூடவும் மாட்டார்கள், குறையவும் மாட்டார்கள். அவர்களிடம் உள்ள குறை அவ்வளவுதான்.

ஒரு நல்ல மழைக்காலத்தில் அதிகாரி ஒருவர் வந்து, குளக்கரையில் ‘ஆழம் அதிகம், யாரும் இறங்கக் கூடாது’ என்று பலகை நட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் மழை பொய்த்தது. குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்தது. ஆடுகளுக்கு வாசிக்கத் தெரியாது; அவை குளத்தின் குறுக்கே நடந்து போயின. மேய்த்தவர்கள் கரையைச் சுற்றி ஓடி, அக்கரையில் போய் அவற்றைப் பிடித்தார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் நர்ஸ் ஜெபமணி ஒரு நாள் காலை பஸ்ஸில், எடை பார்க்கும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

ஊரில் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தவள் ஒருத்திதான். செண்பகவடிவு என்று பெயர், குற்றாலிங்கத்தின் பெண்டாட்டி. வேறு ஊரில் பிறந்து இங்கே வாழ வந்தவள் என்பதால் கொஞ்சம் விவரம் உண்டு. வாழ வந்த இடத்தில் விவரத்தை வெளியே காட்டக் கூடாது என்கிற விவரமும் உண்டு.

ஜெபமணி அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. மெஷின்மேல் ஏறி நிற்கச் சொன்னாள். முள் கொஞ்சம் நகர்ந்தது, இதற்குமேல் போக வேண்டுமா என்று யோசிப்பதுபோல் நடுங்கியது, நின்றுவிட்டது.

“காலையில என்னம்மா சாப்பிட்ட?”

“இருந்ததைச் சாப்பிட்டேன்.”

“என்ன இருந்தது?”

செண்பகவடிவு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். “இன்னைக்கு ஒண்ணும் இல்ல.”

மாமியார் உலகம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “அவளுக்கு இல்லாம நான் என்ன தின்னுட்டேனா நர்சம்மா? நானும் அவகூடத்தான் கடைசியில உக்காருதேன். ஆம்பளைங்க சாப்பிட்டு, வந்தவன் போனவன் சாப்பிட்டு, பானை அடியில கரண்டி தட்டுற சத்தம் கேக்கும்லா? அதுதான் எங்களுக்குச் சாப்பாட்டு மணி. எங்க அத்தைக்கும் அதுதான் மணி.”

ஜெபமணிக்கு இது புதிதில்லை. அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இதே மணிதான். அதனால்தான் சுகாதார அலுவலகத்தில் கூடிப் பேசி, அந்த வட்டாரத்துக்கென்றே ஓர் ஏற்பாடு செய்து, ஊர் ஊராகப் போய்ச் சொல்லும்படி நர்சுகளை அனுப்பியிருந்தார்கள்.

சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். கூட்டம் முடிந்து வரும் ஆண்களுக்குப் பசிக்கும் என்று பெண்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபமணி தெளிவாகத்தான் சொன்னாள். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

“இந்தப் பக்கத்துத் தாய்மாருக்கு உடம்புல ரத்தமே இல்ல. ஏன்னா எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை அவங்க சாப்பிடுதாங்க. இனிமே கர்ப்பிணித் தாய் முதல்ல சாப்பிடணும். அவங்க சாப்பிட்ட பிறகுதான் மத்தவங்க சாப்பிடணும். ரெண்டு உயிருக்கும் சேத்துச் சாப்பிடணும். அடுத்த தடவை நான் வாரப்ப செண்பகவடிவு எடை ஏறியிருக்கணும். இப்படியே போனா தாயும் பிழைக்க மாட்டா, பிள்ளையும் பிழைக்காது. அவ ஒருத்திய விட்டுட்டுப் போயிராதீங்க. இதுக்கு ஊரே பொறுப்பு.”

அவளுக்கு அடுத்த ஊரில் வேலை இருந்தது. பஸ் ஏறிப் போய்விட்டாள். கோணக்குளத்தில் பேசிவிட்டு அப்படிப் போயிருக்கக் கூடாது.

ஊர்த்தலைவர் கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். “கேட்டீங்களா? அந்தப் பிள்ளை சாப்பிட்ட பிறகுதான் மத்தவங்க.”

“மத்தவங்கன்னா யாரு அண்ணாச்சி?” என்று டீக்கடை ஆவுடையப்பன் கேட்டான். வயிற்றின் பக்கமாக அவனுக்கு ஏதோ பயம் தட்டியிருந்தது.

எல்லோரும் மாடக்கண்ணுவைப் பார்த்தார்கள். ஊரில் சந்தேகம் தீர்க்கிறவன் மாடக்கண்ணுதான். எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவன். உள்ளே போனதாக யாரும் சொல்லவில்லை.

“செண்பகவடிவைத் தவிர எல்லாரும் மத்தவங்கதான்” என்றான் மாடக்கண்ணு.

“அவ வீட்டுல உள்ளவங்கன்னு வச்சுக்கிட்டா என்னவே?”

“ஊரே பொறுப்புன்னு சொன்னாங்களா, இல்லையா?”

“சொன்னாங்க.”

“நீரு ஊருல இருக்கீரா, இல்லையா?”

ஆவுடையப்பன் சுற்றும்முற்றும் பார்த்தான். “இருக்கேன்.”

“அப்ப நீரும் மத்தவருதான்.”

மறுக்க முடியாத வாதம். ஆவுடையப்பன் உட்கார்ந்துவிட்டான்.

அவள் சாப்பிட்டாளா இல்லையா என்பது ஊருக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது. அம்மன் கோயில் வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கொடைத் திருவிழாவுக்குக் கட்டினது அவிழ்க்காமல் இருந்தது. அதிலிருந்து ஒயரை இழுத்து, குற்றாலிங்கத்தின் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்கள். மைக்கைக் குற்றாலிங்கத்தின் கையிலேயே கொடுத்தார்கள். கல்யாணமாகி அன்றுவரை பெண்டாட்டியிடம் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டிராத அந்த மனிதன், இனி அதை ஊருக்கே கேட்கும்படி கேட்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் ஒலிபெருக்கி இருமியது.

“ஹலோ, ஹலோ. செண்பகவடிவு எந்திரிச்சாச்சு.”

ஊர் ஆண்கள் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

“பல்லு விளக்கியாச்சு. இட்லி வச்சாச்சு. இட்லியைப் பாக்குதா.”

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“இட்லியும் அவளைப் பாக்குது.”

பிறகு வெகுநேரம் கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது.

“வாந்தி எடுத்துட்டா.”

மசக்கைக்காரிக்கு ஆவியில் வெந்த மாவின் வாசம் ஆகவில்லை. தோசை ஊற்றினார்கள், எண்ணெய் வாசம் ஆகவில்லை. உப்புமா கிண்டினார்கள்; அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, உப்புமா யாருக்குமே ஆகாது. வெயில் ஏறியது. ஊரில் ஒருவர் வாயிலும் ஒன்றும் போகவில்லை. பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில் இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

பெண்களிடம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. காத்திருப்பது அவர்களுக்குத் தாலி ஏறிய நாளிலிருந்து பழகிய வேலை. ஆண்கள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பசி என்றால் வயிற்றில் இருப்பது என்று எண்ணியிருந்தவர்கள், அது முழங்காலிலும் இருக்கும், காதுக்குள்ளும் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

டீக்கடையில் ஒரு கூட்டம் நடந்தது.

“டீ குடிக்கலாமா?” என்றான் ஆவுடையப்பன்.

“சாப்பிடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. டீ குடிக்கிறது” என்றான் மாடக்கண்ணு. எல்லோரும் டீ குடித்தார்கள்.

“வடை?”

“அது சாப்பிடுறது.”

ஆவுடையப்பன் வடைத் தட்டைத் தடவிக்கொண்டே கேட்டான்: “வடையை டீயில கரைச்சுக் குடிச்சா?”

இப்படிப்பட்ட கேள்வி அந்த ஊரில் அதுவரை எழுந்ததில்லை. மாடக்கண்ணு கண்ணை மூடி யோசித்தான்.

“முழுசாக் கரையணும். நடுவுல பல்லுல ஒண்ணு தட்டுப்பட்டாலும் அது சாப்பிட்ட கணக்கு.”

கரைத்துப் பார்த்தார்கள். கடலைப்பருப்பு கரையவில்லை. கோமதிநாயகம் ஒரு மிடறு குடித்துவிட்டு, பல்லில் தட்டியதை நேர்மையாக வெளியே எடுத்துக் காட்டினார். அதோடு அந்த வழியும் அடைபட்டது.

நடுப்பகலில் பொறுக்க முடியாமல் ஊரே கிளம்பிச் செண்பகவடிவின் வீட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் பாதி, ஜன்னலில் பாதி.

“தாயி, ஒரு வாய் சாப்பிடும்மா” என்றார் கோமதிநாயகம்.

செண்பகவடிவு ஒரு கவளம் எடுத்தாள். அத்தனை ஜோடிக் கண்களும் கவளத்தோடு தட்டிலிருந்து மேலே வந்தன. அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கை இறங்கியது. கண்களும் இறங்கின.

“இப்படி உத்துப் பாத்தா எப்படி மாமா முழுங்க?” என்றாள் அவள்.

நியாயம்தானே என்று எல்லோரும் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

“முழுங்கியாச்சா?” என்று முதுகுகளில் ஒன்று கேட்டது.

“இல்ல.”

“இப்ப?”

“ஏல கூறுகெட்டவனுவளா!” என்று உலகம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். “அவ மூச்சு விடவா, முழுங்கவா? ஒருநாள் சோறு இல்லாததுக்கு இந்தப் பாடு படுதீங்களே, நாங்க எந்தச் சாமிகிட்ட போய் முறையிட்டோம்?”

முதுகுகள் கொஞ்சம் குனிந்தன.

உலகம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். “உனக்கு என்னட்டி வேணும்?”

அப்படி ஒரு கேள்வி வந்தால் சொல்வதற்குச் செண்பகவடிவிடம் பதில் தயாராக இல்லை.

“சுடுசோறு” என்றாள் கடைசியில். “இந்த வீட்டுக்கு வந்து நான் சுடுசோறு சாப்பிட்டதில்ல அத்தை. நம்ம முறை வாரதுக்குள்ள ஆறிப்போவுது. சுடுசோறும், முருங்கைக்கீரையும் இருந்தா ஒருவேளை இறங்கும்.”

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஒரு முதுகும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் கோணக்குளத்தில் இலையோடு ஒரு முருங்கை மரம் இல்லை. சுமை சுமையாகக் கீரை வந்தது. ஊரிலேயே நல்ல அரிசி கோமதிநாயகத்தின் வீட்டிலிருந்து வந்தது. முட்டையைக் கையில் கொண்டுவந்தால் உடையும் என்று ஒருவன் கோழியையே கொண்டுவந்து, அது முட்டையிடும்வரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சோறு வெந்தது. வாழை இலை போட்டார்கள். ஆவி பறந்தது. செண்பகவடிவு கையை வைக்கப் போனாள்.

“நில்லு!” என்று ஜன்னலில் மாடக்கண்ணுவின் தலை தெரிந்தது. “ரெண்டு உயிருக்கும்னு சொன்னாங்கள்லா? இன்னொரு இலை எங்க?”

பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு இலை போட்டார்கள். அதிலும் சோறு வைத்தார்கள். அதன் முன்னால் யாரும் இல்லாததை எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள்.

அப்போதுதான் குற்றாலிங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. தகப்பனாகப் போகிறவன், சந்தேகம் வருவது இயற்கை.

“தாய் சாப்பிட்ட பிறகுதானே மத்தவங்க சாப்பிடணும். பிள்ளை தாயா, மத்தவங்களா?”

மாடக்கண்ணு அதிர்ந்துபோனான். “மத்தவங்கதான்.”

“அப்ப அவ சாப்பிடச் சாப்பிட அது உள்ள இருந்து சாப்பிட்டா?”

“ஆர்டரை மீறின கணக்கு.”

பிறக்காத பிள்ளையின்மேல் பழி வரக் கூடாது என்பதில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். கோமதிநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மரியாதையான தூரத்தில் நின்று, மருமகள் முறையாகிறவளின் வயிற்றைப் பார்த்துக் கையெடுத்துச் சொன்னார்: “அய்யா, இல்ல ஆத்தா, யாரா இருந்தாலும் சரி. அம்மா சாப்பிட்டுக் கை கழுவுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ. நாங்களும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.”

செண்பகவடிவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்த வாயில் உலகம்மாள் ஒரு கவளத்தை வைத்துவிட்டாள். அது உள்ளே போனது. போன இடத்திலேயே நின்றது.

“முழுங்கியாச்சு!” என்று குற்றாலிங்கம் மைக்கில் அலறினான். எங்கோ ஒரு நாய் பயந்து ஊளையிட்டது.

அடுத்த கவளத்தை அவள் எடுக்கவில்லை. “நீங்களும் உக்காருங்க அத்தை” என்றாள். “நான் தனியாச் சாப்பிட்டதே இல்ல. இறங்காது.”

“எனக்கு ஆர்டர் இல்லட்டி.”

“அப்ப எனக்கும் வேண்டாம்.”

இது பெரிய சிக்கல். மாமியார் உட்கார்ந்தால் ஆர்டரை மீறியதாகும்; உட்காராவிட்டால் மருமகள் சாப்பிட மாட்டாள்; மருமகள் சாப்பிடாவிட்டால் ஊருக்குச் சோறில்லை. ஜன்னலுக்கு வெளியே தலைகள் கூடின. நெடுநேரம் முணுமுணுப்பு. பிறகு மாடக்கண்ணு முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தான்.

“அவ சாப்பிட்ட பிறகு மத்தவங்கன்னுதான் சொன்னாங்க. எவ்வளவு சாப்பிட்ட பிறகுன்னு சொல்லல. அவ ஒரு வாய் சாப்பிட்டா, அதுக்குப் பிறகு நாம ஒரு வாய் சாப்பிடலாம். அவ அடுத்த வாய், நாம அடுத்த வாய். ஒவ்வொரு வாயிலயும் அவதான் முதல்.”

கோமதிநாயகம் அவனைக் கட்டிக்கொண்டார். ஆவுடையப்பன் அழுதே விட்டான்.

ஊர் முழுக்க இலை விழுந்தது. செண்பகவடிவு ஒரு கவளம் சாப்பிட்டாள். “ஒரு வாய்!” என்றது வேப்பமரம். ஊர் முழுக்கக் கைகள் வாய்க்குப் போயின. அவள் மென்றாள், ஊர் மென்றது. அவள் கீரைக்குக் கை நீட்டினாள். “கீரை!” என்றது வேப்பமரம். கீரை இல்லாத வீடுகளில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

உலகம்மாளும் மருமகளுக்கு எதிரே இலை போட்டு உட்கார்ந்தாள். சுடுசோற்றை ஊதிச் சாப்பிட வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “சூடு” என்றாள். அப்புறம் அடுத்த கவளத்தை ஊதினாள்.

“எங்கம்மா நாக்கைச் சுட்டுக்கிட்டா” என்று குற்றாலிங்கம் மைக்கில் அறிவித்தான். நாமும் சுட்டுக்கொள்ள வேண்டுமா என்று தெருவிலிருந்து ஆள் ஓடி வந்து கேட்டுவிட்டுப் போனான்.

இப்படியே நாட்கள் போயின. ஊரே தன்னோடு சேர்ந்து மெல்லுகிறது என்று தெரிந்ததும், செண்பகவடிவுக்குச் சாப்பாட்டில் ஒரு ருசி தட்டியது. மசக்கையும் மெல்ல விலகியது. விவரத்தை வெளியே காட்டவும் ஆரம்பித்தாள். காலையில் தட்டின் முன்னால் உட்கார்ந்து, “தண்ணிக் குடமெல்லாம் காலியாக் கெடக்கே, நினைச்சா சோறு இறங்கல” என்பாள். அடி பம்பில் ஆண்கள் வரிசை நிற்கும். “பக்கத்து வீட்டு மைனி காலையில இருந்து ஒண்டியா மாவாட்டுதாங்க, பாவமா இருக்கு” என்பாள். மைனி வீட்டில் மூன்று ஆண்கள் ஒரே ஆட்டுரலைப் பிடிக்கச் சண்டை போடுவார்கள்.

ஒருநாள் கோமதிநாயகத்தின் மகளைப் பெண் பார்க்க வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்து, அவர்களும் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று வாய் வாயாகச் சாப்பிட்டார்கள். பாதியில் வேப்பமரம் அலறியது: “நிறுத்துங்க! விக்கல்!”

எல்லோரும் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வாயருகே அப்பளத்தோடு அப்படியே இருந்தார்.

“சம்பந்தி, இது என்ன?” என்று உதட்டை அசைக்காமல் கேட்டார்.

“ஒண்ணுமில்ல சம்பந்தி. எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கு விக்கல்.”

“எப்ப நிக்கும்?”

“அது அவ இஷ்டம்.”

அந்தச் சம்பந்தம் அமைந்துவிட்டது. மருமகளுக்கு விக்கல் வந்தால் ஊரே கையை நிறுத்துகிற இடத்தில் பெண் எடுப்பது நல்லது என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டாளாம்.

ஜெபமணி மறுபடி வந்தாள். செண்பகவடிவு மெஷின்மேல் ஏறினாள். இம்முறை முள் யோசிக்கவில்லை, விறுவிறுவென்று போனது. இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே நல்ல சிவப்பு. ஜெபமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு நிமிர்ந்து சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தாள். எல்லோரும் கொஞ்சம் வற்றியிருந்தார்கள். காதை மரத்தின் பக்கமே சாய்த்துக்கொண்டு நின்றார்கள்.

“என்ன செஞ்சீங்க?”

நடந்ததையெல்லாம் கோமதிநாயகம் சொன்னார். ஜெபமணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, நான் சொன்னது அந்த வீட்டுல உள்ளவங்களுக்கு மட்டும்…” என்று ஆரம்பித்தாள். அவள் கண் மெஷின்மேல் போனது. அடி பம்பில் குடத்தோடு நிற்கும் ஆண்கள்மேல் போனது. ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்த மாடக்கண்ணுமேல் போனது. வாயை மூடிக்கொண்டாள்.

“மட்டும்னா?” என்றார் கோமதிநாயகம் கவலையோடு. “ஏதும் தப்பாச் செஞ்சுட்டோமா?”

“ஒரு தப்பும் இல்ல. அப்படியே செய்யுங்க” என்று சொல்லிவிட்டு ஜெபமணி பஸ்ஸுக்குப் போனாள். பஸ் வளைவு திரும்பும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

மாதம் நிறைந்தது. ஊர் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலுமாக ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே போய் வெளியே நின்றது. சுகப்பிரசவம். பெண் குழந்தை; கொழுக்மொழுக்கென்று இருந்தது. பொறுத்திருந்த பிள்ளை என்று ஊரார் அதைக் கும்பிட்டார்கள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்த அன்று, சமுதாயக் கூடத்தில் விருந்து வைத்தார் கோமதிநாயகம். அவியல், சாம்பார், வடை, பாயசம். ஊர் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்தது. தாயையும் பிள்ளையையும் நடுநாயகமாக உட்கார வைத்தார்கள்.

பரிமாறி முடிந்தது. குற்றாலிங்கம் ஒயரோடு இழுத்துக்கொண்டு வந்திருந்த மைக்கை எடுத்தான். எல்லோரும் கையை இலையில் வைத்தார்கள்.

“ஒரு நிமிஷம்” என்றான் மாடக்கண்ணு. அவன் முகம் வெளிறியிருந்தது. “கர்ப்பிணித் தாய் சாப்பிட்ட பிறகுதானே மத்தவங்க சாப்பிடணும்?”

“ஆமா.”

“இப்ப ஊர்ல கர்ப்பிணித் தாய் யாரு?”

எல்லோரும் செண்பகவடிவைப் பார்த்தார்கள்.

“செண்பகவடிவு…” என்று இழுத்தான் குற்றாலிங்கம்.

“அவதான் பெத்துட்டாளே. அவளும் இப்ப மத்தவங்க.”

செண்பகவடிவு சோற்றில் வைத்த கையை எடுத்தாள். மடியில் குழந்தை பாலுக்குச் சிணுங்கியது. ஒருத்தி பட்டினி கிடந்தால் இரண்டு உயிர் பட்டினி என்பது மாறவில்லை. பிள்ளை இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

உலகம்மாள் எழுந்தாள். மருமகளின் இலையைச் சோற்றோடு அப்படியே தூக்கினாள்.

“பெத்தவளைப் பட்டினி போட எவன்ல சொன்னான்? வழியை விடு.” மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கதவு சாத்தியிருந்தா உள்ள நடக்கிறது நமக்குத் தெரியாது. தெரியாததுக்கு நாம பொறுப்பில்ல” என்று தீர்ப்புச் சொன்னார் கோமதிநாயகம்.

பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். போகும்போது சாம்பார் வாளியையும் பாயச அண்டாவையும் கூடவே தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு திறந்து திறந்து மூடியது. உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. பிறகு இலையை வழிக்கும் சத்தம் வந்தது. கதவு சாத்தியிருந்ததால் ஆண்கள் அதைக் கேட்கவில்லை.

ஆண்களின் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“இதுக்கு ஒரே வழிதான். யாராவது சீக்கிரம் உண்டாகணும்” என்றார் ஒருவர்.

“இலையை எடுக்காம வைக்கலாம்தான். ஆனா ஊத்துன பாயசம் திரிஞ்சிரும்” என்றார் இன்னொருவர்.

திடீரென்று ஆவுடையப்பன் துள்ளி எழுந்தான். “இருக்கா! நம்ம ஊர்ல ஒருத்தி இருக்கா!”

“யாருவே?”

“எங்க வீட்டு மயிலைப் பசு! சினையா இருக்கு!”

கூடம் மாடக்கண்ணுவைப் பார்த்தது. மாடக்கண்ணு அவசரப்படவில்லை. “கர்ப்பிணி, சரி. தாய்னு சொல்லியிருக்கே?”

“பசுவை நாம தாயின்னுதானே கும்பிடுதோம்?” என்றார் கோமதிநாயகம்.

மாடக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டான். மாட்டுப் பொங்கலுக்கு இருப்பதுபோல் மயிலையைக் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, பந்தியின் தலைமாட்டில் நிறுத்தி இலை போட்டார்கள். அது யாரையும் காக்க வைக்கவில்லை. யார் உற்றுப் பார்த்தாலும் அதற்குக் கூச்சமில்லை. ஒரு வாய் எடுத்தது.

“ஒரு வாய்!” என்று ஆனந்தமாக அறிவித்தான் குற்றாலிங்கம். ஆண்கள் ஒரு வாய் சாப்பிட்டார்கள். மயிலை சோற்றைத் தின்றது, வடையைத் தின்றது, அவியலைத் தின்றது, கடைசியில் இலையையும் தின்றது. “இலை!” என்று அறிவிப்பு வந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, எல்லோரும் அவரவர் இலையில் ஓரமாக ஒரு துண்டு கிழித்துத் தின்றார்கள்.

பிறகு மயிலை காலை மடக்கிப் படுத்தது. கண்ணைப் பாதி மூடியது. அதன் தொண்டையில் ஏதோ ஒன்று உருண்டு மேலே ஏறியது. நிதானமாக, இடமிருந்து வலமாக, மறுபடி மெல்லத் தொடங்கியது.

மாடக்கண்ணு கையை உயர்த்தினான்.

“யாரும் அசையாதீங்க. முழுங்கினதைத் திரும்ப வாய்க்குக் கொண்டாந்துருச்சு.”

“அப்ப அது இன்னும் சாப்பிடல?” என்றான் ஆவுடையப்பன்.

“சாப்பிடல.”

“நாம சாப்பிட்டுட்டோமே?”

மயிலை மென்றுகொண்டிருந்தது. கடைசியில் கோமதிநாயகம் குற்றாலிங்கத்தின் காதில் ஏதோ சொன்னார். வேப்பமரம் கரகரத்தது.

“ஊர் மக்களுக்கு ஓர் அறிவிப்பு. முதல் வாய் திரும்பி வந்துவிட்டது. ஏற்கெனவே முழுங்கியவர்கள், மறு அறிவிப்பு வரும்வரை, முழுங்காமல் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”